எட்டாவது அறை

முதல் வேலை கதவு திறப்பது.
எல்லாக் கதவையும், நடக்கத் தொடங்க முன்னமே.
இடையில் ஒன்று அசைந்தால்
லேசருக்கு அது இரண்டு சுவர்.
நிப்ராஸ் ஒவ்வொன்றுக்கும் கல் வைத்தான்.
கல் போதாமல் கடைசிக் கதவுக்குத்
தன் செருப்பில் ஒன்று.

டைக் வீதி. கடலுக்கு முதுகு காட்டி நிற்கும் வீடு.
பங்கு பிரிக்க அளக்கச் சொன்னார்கள்.
மூத்தவர் குலவீரசிங்கம் ஸ்காபரோவில்.
இளையவர் நந்தபாலன் உவர்மலையில்,
மோட்டார்சைக்கிளில் ஐந்து நிமிடம்,
வந்து ஐந்து வருடம்.
நடுப்பிள்ளை அருந்தவம் அக்கா உள்ளே இருக்கிறா.
"மெஷின் கூட்டிக் குறைச்சுச் சொல்லாதுதானே?"
"சொல்லாது அக்கா."
"அப்ப அது இந்தக் குடும்பத்திலை பிறக்கேல்லை."

வாசலில் மூன்றாவது தரைக்கல்லில் தொடங்கினேன்.
அதே கல்லில் வந்து முடிக்க வேண்டும்.
இல்லாவிட்டால் பிழை அறைக்கு அறை சேர்ந்து
குசினி போய் ஒழுங்கையில் நிற்கும்.
விநாடிக்கு மூன்று லட்சம் புள்ளி.
தூங்கிப்போன பிள்ளையைக் கட்டிலுக்கு மாற்றுகிற
நடை நடந்தேன்.
ஒடுங்கிய நிலையில் பக்கவாட்டாக.
மூலையில் சட்டென்று திரும்பாமல்.

ஹோலின் நடுவே ஒரு பிளைவூட் மறைப்பு,
ஏதோ ஒரு சண்டையன்று இரவோடிரவாக அடித்தது.
ஆறு மில்லிமீற்றர்.
உப்புப் பூத்த இரண்டடிச் சுவரும் இதுவும்
திரையில் ஒரே பச்சை.

அசையாமல் இருங்கோ என்று சொல்லியிருந்தேன்.
அவ பைப்பை மூடப் போனா,
தேத்தண்ணி வைக்கப் போனா,
அடுப்பு அணைந்ததா என்று பார்க்கப் போனா.
போன இடமெல்லாம் புள்ளிகள் புகையாய் இழுபட்டன.
வாசலுக்கு ஒரு மான் வந்தது,
ஊர் மான், கூச்சமில்லாதது.
வாழைப்பழத் தோலுக்குத் தலையை நீட்டி
நாலு காலும் எட்டாய்ப் பதிந்து போனது.

படுக்கை அறையில் மட்டும்
கட்டில் விளிம்பில் வந்து இருந்தா.
"இந்த அறை ஆருக்கு விழும்?" என்றா.
பதில் தேடி நின்றது பன்னிரண்டு விநாடி.
நிற்கக் கூடாதென்று எனக்குத் தெரியும்.

இரவு அலுவலகத்தில், மின்விசிறிக்குக் கீழே,
வீடு கணினியில் எழும்பி வந்தது.
தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடைவெளி
ஒரு சென்ரிமீற்றர் எட்டு. நல்ல கணக்கு.
அறைகளை எண்ணினேன். எட்டு.
இருப்பது ஏழு.

எட்டாவது, பக்கத்து வளவுக் கிணற்றுக்கு மேலே
அந்தரத்தில் தொங்கியது.
கட்டில் இடம் மாறி, தையல் மெஷின் வலம் மாறி.
அலமாரிக் கண்ணாடி!
மற்ற மூன்றையும் போர்வையால் மூடியிருந்தோம்.
பிடித்து நடக்கிறவரைக் கருவி பதியாது.
ஏழு அறையிலும் நான் இல்லை.
எட்டாவதில் நிற்கிறேன்,
முகமில்லாமல், ஒரு கை நீட்டியபடி,
எதையோ கொடுக்க வந்தவள் போல.
எதிரே அவ, துல்லியமாக,
மடியில் வைத்த கைகளின் விரல் எண்ணலாம்.

போன் எடுத்தேன்.
"அலமாரியை மூட மறந்திட்டீங்கள் அக்கா."
"மறக்கேல்லை," என்றா.
விளக்கிச் சொன்னேன்: இல்லாத அறை,
பன்னிரண்டுக்குப் பதினொன்று, ஒரு ஜன்னல்.
"அது ஆற்றை பங்கிலை வருது?"
"ஒருத்தற்றையும் இல்லை, அழிச்சிடுவன்."
"சரி," என்றா. பிறகு,
"ஜன்னல் கடல் பக்கமோ?"
பார்த்தேன். இடம் வலம் மாறியதில்
கடல் பக்கம்தான்.

நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் புள்ளிகளைத் தேர்ந்து
ஒரு தட்டில் அழித்தேன்.
நீதிமன்றத்துக்குப் போன வரைபடத்தில் ஏழு அறை,
சதுர அடி, கையொப்பம், முத்திரை.
மூலக் கோப்பை மட்டும் தொடவில்லை.
பத்து வருடம் வைத்திருப்பது எங்கள் வழக்கம்.

வெள்ளிக்கிழமை அவவே எடுத்தா.
"அந்தத் தம்பியின்ரை செருப்பு இஞ்சை கிடக்கு.
எடுத்தால் கதவு சாத்துப்படுது,
விட்டிட்டன்.
வந்து எடுக்கச் சொல்லுங்கோ, அவசரமில்லை."